படிக்கட்டருகே நின்றவர்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நான் வேலைக்குப் போகிற பஸ்ஸில்தான் அவரும் வருவார். நரைத்த மீசை. எந்த வெயிலிலும் பட்டாளத்துப் பச்சை ஸ்வெட்டர். சீட்டு காலியாகக் கிடந்தாலும் உட்காராமல் படிக்கட்டருகே நின்றுகொண்டே வருவார்.

"உக்காருங்களேன் அண்ணாச்சி" என்றேன் ஒருநாள்.

"போஸ்னியாவுல ஐ.நா. படைக்கு ஜீப்பு ஓட்டுனேன் தம்பி. அங்க ஒரு செர்பியாக்காரக் கும்பல் பஸ்ஸ மறிச்சு, பேரக் கேட்டுக் கேட்டு முஸ்லிம் ஆளுகள எறக்கிக் கொண்டுபோய்ச் சுட்டுட்டானுவ. பொறவு கேஸுக்காக விசாரிக்க வந்தப்ப, பஸ்ஸுல உக்காந்திருந்தவுக அம்புட்டுப் பேரும் ஒண்ணும் பாக்கலன்னுட்டாக."

சாதிக் கலவரம் நடந்த வாரம், எங்கள் பஸ்ஸை அரிவாளோடு மறித்தார்கள். ஊர்ப் பெயரைக் கேட்டு, மடியில் தூக்குச்சட்டியோடு இருந்த மில் தொழிலாளி ஒருவரை இழுத்து இறக்கினார்கள். பின்னாலேயே இவரும் இறங்கினார்.

"யோவ், ஒம்ம யாரு எறங்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. பாக்கதுக்கு ஒரு ஆளு வேணும்லா."

டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

இரட்டைக் கொலை வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு வந்தது. அரசு வக்கீல் எங்களை ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றிக் கேட்டார். நாங்கள் அம்புட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தோம், ஒன்றும் பார்க்கவில்லை என்றோம்.