அறுநூறு மில்லிமீட்டரில் ஒரு பால்மாவு டின்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து ஊரான செங்கிலிருந்து ஒரு தம்பி மனைவியோடு வந்து என் லென்ஸை வாங்கிக்கொண்டு போனார். தொழிற்சாலையில் டெக்னிஷியன் வேலை. பறவைப் படம் எடுக்கும் கிறுக்கு புதிதாகப் பிடித்திருக்கிறது. கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. ஈரம் அண்டாத டிரை பாக்ஸைத் திறந்து லென்ஸை வெளியே எடுத்தபோது பழைய ரப்பர் வளையத்தின் வாசனை குப்பென்று வந்தது. செருப்புக் கடைக்குள் நுழைந்தது மாதிரி இருக்கும். மல்லிகாவுக்கு அந்த வாசனையே ஆகாது. மல்லிகா என் மனைவி. அவள் போய் மூன்று வருஷமாகிறது.

தம்பி லென்ஸைத் தன் கேமராவில் மாட்டினார். கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கொய்யா மரத்தைக் காட்டி, மனைவியை அங்கே போய் நிற்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அங்கிள், எழுத்து போட்ட டின் ஏதாச்சும் இருக்கா? கையில பிடிக்கச் சொல்லி டெஸ்ட் பண்ணிடலாம்."

சமையலறையில் டின் இருந்தது. இல்லை என்று பொய் சொல்லிவிட்டு அன்றைய பேப்பரை எடுத்துக் கொடுத்தேன்.

உங்களுக்கு இந்தக் கிறுக்கு இல்லையென்றால், டின் எதற்கு என்று கேட்பீர்கள். கைமாறி வரும் லென்ஸை வாங்குகிறவன் முதலில் அது கூர்மையாகக் காட்டுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். பறவை நம் சௌகரியத்துக்கு வந்து உட்காராது. அதனால் இருபது அடி தள்ளி எழுத்துள்ள ஒரு பொருளை வைத்துப் படம் எடுப்போம். பொடி எழுத்தின் ஓரம் பிசிறில்லாமல் தெரிந்தால் லென்ஸ் நல்லது. இவ்வளவுதான் வித்தை. இதைக் கற்றுக்கொள்ள நான் இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டேன்.

எல்லாம் வீட்டுக்குப் பின்னால் வந்த இருவாட்சி செய்த வேலை. எங்களுடையது புக்கிட் காத்தில் என்னும் இடத்துத் தாமானில், குடியிருப்பில், கடைசி வரிசை வீடு. வேலிக்கு அந்தப் பக்கம் யாரும் பால் வெட்டாத கிழட்டு ரப்பர் மரங்கள் ஒரு துண்டு நிலத்தில் விட்டுப்போயிருந்தன. ஒரு நாள் காலை அதில் ஒன்றில் இருவாட்சி ஜோடி வந்து உட்கார்ந்தது. கேமராவோடு சேர்ந்து வந்த சின்ன லென்ஸில் எடுத்தேன். மரம் முழுக்க விழுந்தது. பறவை எள்ளளவு இருந்தது. மல்லிகா அதைப் பார்த்துவிட்டு, இதில் எது பறவை, எது பல்லி என்று கேட்டாள்.

அன்றைக்குப் பிடித்தது சனி. நான் வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. புது லென்ஸின் விலையைப் பார்த்தால் தலை சுற்றும். பழையதுதான் கட்டுப்படி. மில்லிமீட்டர் கணக்கு கூடக் கூடத் தூரத்துப் பறவை கிட்டே தெரியும். முந்நூறு மில்லிமீட்டர் வரை போகும் சின்னது ஒன்று, விலையும் குறைவு, கனமும் குறைவு. ஆனால் முழுக்க நீட்டி எடுத்தால் படம் பஞ்சு பஞ்சாக இருந்தது. நானூறில் நிற்கும் பழைய லென்ஸ் கண்ணாடிபோல் காட்டும். கை ஆட்டத்தைத் தாங்கும் வசதி மட்டும் அதில் கிடையாது. எனக்கோ தே தாரிக் டீ கிளாஸைப் பிடித்தாலே தட்டில் பாதி சிந்தும். மூன்றாவது, அறுநூறு வரை எட்டுகிற தடியன். கைப்பிள்ளையைத் தூக்கித் திரிவது மாதிரி கனம்.

மல்லிகா பல் கிளினிக்கில் உதவியாளராக வேலை பார்த்தாள். நான் லென்ஸ்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு, எங்கள் டாக்டர்கூட இத்தனை நேரம் வாய்க்குள் டார்ச் அடிக்க மாட்டார் என்பாள். ஆனால் விற்கிறவர்களைப் பார்க்கப் போன மூன்று ஞாயிறும் கூட வந்தாள். மூன்று பேரும் சொல்லிவைத்தாற்போல் கிளேபாங் கடற்கரையில் தேங்காய் ஷேக் விற்கும் கடைகளுக்குப் பக்கத்தில் வரச் சொன்னார்கள். திறந்த இடம், ஆள் நடமாட்டம் உண்டு, யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது.

சவுக்கு மரத்தடியில் அவள் நிற்பாள். கையில் வீட்டிலிருந்து கொண்டுபோன பால்மாவு டின். நான் தள்ளி நின்று டின்னின் பின்பக்கத்து எழுத்தைக் குறிவைப்பேன். கொஞ்சம் மேலே, கொஞ்சம் இடது பக்கம், ஆடாதே, மூச்சு விடாதே. காலை வெயிலானாலும் கடலோர வெயில். அவள் முணுமுணுக்காமல் நின்றாள் என்பது எனக்கு இப்போதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

மூன்றாவது ஞாயிறு அந்தத் தடியனில் எழுத்து ஊசி குத்தியதுபோல் விழுந்தது. எனக்கு வாயெல்லாம் பல். மல்லிகா அங்கிருந்தே சொன்னாள்.

"ஏங்க, அப்படியே மூஞ்சியையும் சேர்த்து ஒன்னு பிடிங்களேன்லா. மூனு வாரமா டின்னையே எடுக்குறீங்க."

"மூஞ்சில ஷார்ப்பு தெரியாது. எழுத்துலதான் தெரியும். அப்புறம் எடுக்கலாம்," என்றேன்.

காசு புது வாஷிங் மெஷினுக்குச் சேர்த்து வைத்தது. பழையது இன்னும் ஒரு வருஷம் சுத்தும், நீங்கள் வாங்குங்கள் என்று அவள்தான் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் மெமரி கார்டில் இடம் வேண்டுமென்று அந்த டெஸ்ட் படங்களை ஒட்டுமொத்தமாக அழித்தேன்.

பிறகு எங்களுக்கு நல்ல காலம். விடிந்ததும் வேலியோரம் இரண்டு நாற்காலி, ஒரு பிளாஸ்க் காப்பி. இருவாட்சியின் கண்ணிமை மயிர்வரை எடுத்தேன். மீன்கொத்தி, பஞ்சுருட்டான், செம்பருந்து என்று ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. பறவை வந்தால் முதலில் பார்ப்பது அவள்தான். என் முழங்கையைத் தொடுவாள். தொடுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தவளை அந்த லென்ஸால் எடுக்க முடியாது. மூன்று மீட்டருக்குள் இருப்பது எதுவும் அதற்குத் தெரியாது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் கிளினிக்கில் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாளாம். ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் மச்சான், அவளுடைய தம்பி, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"மாமா, மாலை போடணும். அக்கா படம் நல்லதா ஒன்னு எடுத்துக் குடுங்க."

எழுந்து போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். இரண்டு ஹார்ட் டிஸ்க் நிறையப் பறவை. வருஷ வாரியாக, இன வாரியாகப் பிரித்து வைத்திருந்தேன். அவள் இல்லை. அவள் போனில் தேடினோம். கிளினிக் பெண்கள் கூட்டமாகச் சிரிக்கும் படங்கள். எல்லாவற்றையும் எடுத்தவள் அவள். கேமராக்காரன் பெண்டாட்டி நன்றாக எடுப்பாள் என்று எங்கே போனாலும் போனை இவள் கையில் கொடுத்துவிடுவார்களாம். கல்யாண ஆல்பத்தில் இருந்தது இருபத்திரண்டு வயசுப் பெண். நான் இழந்தது அவளை இல்லை. கடைசியில் ஐ.சி. என்கிற அடையாள அட்டையில் இருந்த தபால்தலையளவு முகத்தைக் கடையில் கொடுத்துப் பெரிதாக்கினோம். முறைப்பான, நீலம் பாரித்த முகம். அதுதான் ஹாலில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களெல்லாம், நீங்கள் பெரிய போட்டோகிராஃபராச்சே என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொள்வார்கள்.

பல மாதம் கழித்துப் பழைய கார்டு ஒன்றில் அழிபடாத டெஸ்ட் படம் ஒன்று கிடைத்தது. படம் முழுக்க டின். கீழ் மூலையில் அவளுடைய கட்டைவிரல், நகத்தில் மஞ்சள் கறை. மூலையில் இருப்பதால் விரல் மங்கல். "ஓரத்தில் கூர்மை போதாது" என்று அந்தப் படத்துக்கு நான் நோட்டில் குறிப்புகூட எழுதி வைத்திருந்தேன். அந்த லென்ஸை அதற்குப் பிறகு நான் தொடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை லென்ஸ் வாங்க வந்த தம்பி பேப்பர் எழுத்தை எடுத்துப் பார்த்துத் திருப்தியானார். பேப்பரைப் பிடித்து நின்ற அவர் மனைவியின் முகத்தையும் ஒன்று எடுக்கச் சொன்னேன். முகத்தில் ஷார்ப்பு தெரியாது அங்கிள் என்றார். எனக்காக எடுத்தார். அவள் ஓடிவந்து பார்த்து, பருவெல்லாம் தெரிகிறது, அழித்துவிடுங்கள் என்றாள்.

"வேணாம்மா. இருக்கட்டும்."

என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், திறந்திருந்த கதவு வழியாக ஹாலில் மாலையோடு தொங்கிய படத்தைப் பார்த்தாள். கணவனின் கையைப் பிடித்து, அழிக்க வேண்டாம் என்றாள்.

அவர்கள் போனபின் வேலியோரம் கொஞ்ச நேரம் நின்றேன். ரப்பர் மரங்களை வெட்டி அங்கே இரண்டு வரிசை வீடு கட்டிவிட்டார்கள். இருவாட்சி வருவதில்லை. உள்ளே வந்து, காலியாக இருந்த டிரை பாக்ஸுக்குள் சமையலறையில் இருந்த அந்தப் பழைய டின்னை வைத்து மூடினேன். துருப் பிடிக்காமல் இருக்கட்டும். அதன் பின்பக்கத்து எழுத்தை, கொழுப்பு எத்தனை கிராம், சர்க்கரை எத்தனை கிராம் என்பதுவரை, கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அன்றைக்கு வெயிலில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றவள் சிரித்தாளா, கண்ணைச் சுருக்கினாளா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் பார்க்கவில்லை.