மிக் விமானத்தின் மூக்கில் ஒரு பொட்டு

"சார், அதைத் துடைச்சது பாக்கியம் அக்கா இல்ல, நான்தான்."

அன்று நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்.

தங்கவேலு அண்ணன் போன திங்கட்கிழமை இறந்துவிட்டார். மாரடைப்பு.

சொந்த விஷயம் எதையும் நான் இங்கே எழுதுவதில்லை. இதை எழுதுகிறேன். அப்போதைய மேனேஜரும் என் முகநூல் நட்புப் பட்டியலில் இருக்கிறார்... படிக்கட்டும்.

பழங்காநத்தத்தில் நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளைக்குக் காவலாளியாக இருந்தவர் அவர். அதற்கு முன்பு விமானப்படையில் போர் விமானங்களைப் பராமரிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பரவையில் இருக்கும் தன் வீட்டில் உட்கார்ந்து, அதே விமானங்களைப் பிளாஸ்டிக் துண்டுகளாக வாங்கி ஒட்டி, பெயின்ட் அடிப்பார். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்பார்.

அதில் ஒரு மிக்-21, கிளையில் டோக்கன் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றது.

விமானி உட்காரும் இடத்தில் இருக்கும் குட்டிக் குட்டி டயல்களையெல்லாம் மெல்லிய பிரஷ்ஷால் வரைந்திருந்தாராம். அதன் மேல் கண்ணாடி மூடியை ஒட்டியாயிற்று. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

"உள்ள இருக்கிறது யாருக்குண்ணே தெரியப் போகுது?" என்று கேட்டேன்.

"பைலட்டுக்குத் தெரியும்ல மேடம்?"

உள்ளே பைலட்டும் கிடையாது.

பிறகு அந்த ஆயுத பூஜை.

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. முந்தின நாள் எல்லோரும் சேர்ந்து கிளையைச் சுத்தம் செய்தோம். கம்ப்யூட்டர் திரைகளைத் துடைத்து முடித்தபோது, பாட்டிலில் கொஞ்சம் திரவம் மிச்சம் இருந்தது. விமானம் ஒரே அழுக்கு. வயிற்றுப் பக்கம் எண்ணெய் வழிந்த மாதிரிக் கோடுகள், வால் பக்கம் கரி... பாவமாக இருந்தது.

அழுத்தித் துடைத்தேன். பளபளவென்று ஆகிவிட்டது. மூக்கில் சந்தனம் தொட்டுக் குங்குமமும் வைத்தேன். யாராவது பாராட்டுவார்கள் என்றுகூட நினைத்தேன்.

மறுபடி கிளை திறந்த நாளில் அண்ணன் அதைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு இதைக் குளிப்பாட்டி விட்டது?"

அந்த அழுக்கு முழுக்க அவர் வரைந்தது. பென்சில் தூளையும் பெயின்டையும் வைத்து ஒரு மாதமாக வரைந்தது. அது அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது.

மேனேஜர் யோசிக்கவே இல்லை. துப்புரவு வேலை பார்க்கும் பாக்கியம் அக்கா பக்கம் திரும்பினார். "எத்தனை தடவம்மா சொல்றது? கண்டதையும் தொடாதேன்னு. காண்ட்ராக்ட்காரர்கிட்ட சொல்லி ஆளை மாத்திருவேன்."

"நான் அதைத் தொடவே இல்ல சார்."

"பின்ன, அதுவா குளிச்சிச்சா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். நான் கவுன்டருக்குப் பின்னால் நின்றேன். சொல்லவில்லை.

அண்ணன்தான், "விடுங்க சார். அழுக்குத்தானே, திரும்பப் பூசிக்கலாம்" என்று சொல்லி முடித்து வைத்தார். பாக்கியம் அக்காவின் வேலை தப்பியது.

மூன்று வாரம் கழித்து விமானம் முழு அழுக்கோடு திரும்பி வந்தது. அவர் பாக்கியம் அக்காவைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினார். "இது எண்ணெய் ஒழுகுனது. இது எங்க பூட்ஸ் ஏறி ஏறித் தேஞ்ச இடம்."

"அழுக்குக்கா இம்புட்டு மெனக்கெட்டீங்க? எங்க வீட்டுக்கு வாங்கண்ணே, சும்மாவே கெடக்கு."

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு மூக்கைக் காட்டினார். நான் வைத்த இடத்திலேயே மஞ்சளும் சிவப்புமாக ஒரு பொட்டு. பெயின்டில்.

"பூசை அன்னைக்கு நாங்க நாலு தமிழ்ப் பயலுக மூக்குல பொட்டு வச்சிருவோம். ஆபீசர் வர்றதுக்குள்ள தொடச்சும் விட்ருவோம். சுத்தமா மறந்து போயிருந்தேன் பாக்கியம். நீதான் ஞாபகப்படுத்துன."

பாக்கியம் அக்கா குனிந்து அந்தப் பொட்டைப் பார்த்தார். பிறகு, "வெறும் நெத்தியா இருந்துச்சுண்ணே. மனசு கேக்கல" என்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

திட்டு விழுந்தபோது வாயைத் திறக்காத எனக்கு, அந்த நிமிடம் "நான்தான் வச்சேன்" என்று கத்த வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை. இந்த முறை சொல்லாததில் எனக்கு வருத்தம் இல்லை.

போன வருடம் அவர் வேலையை விட்டபோது விமானத்தையும் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்.

நேற்று நானும் பாக்கியம் அக்காவும் துக்கம் விசாரிக்கப் பரவைக்குப் போயிருந்தோம். பெயரைக் கேட்டதுமே அண்ணி எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொட்டு வச்ச பாக்கியம் நீங்கதானா? அதுக்கப்புறம் செஞ்ச எல்லாத்துக்கும் பொட்டு வச்சாக."

அலமாரியில் ஏழு விமானங்கள் நின்றன. அந்த மிக்கை எடுத்துத் துண்டில் சுற்றி அக்காவிடமே கொடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அதை மடியில் வைத்திருந்தார் அக்கா. அப்போதுதான் சொன்னேன். "அக்கா, அன்னைக்குத் துடைச்சது நான்தான்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "பொட்டு?"

"அதுவும் நான்தான்க்கா."

"அப்ப பிளேனும் ஒனக்குத்தான் வேணுமாக்கும்?"

"இல்லக்கா."

"கேட்டாலும் குடுக்க மாட்டேன் பாப்பா. திட்டு வாங்குனவ நானு."

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இருவரும் சிரித்துவிட்டோம். துக்க வீட்டிலிருந்து வருகிறோம் என்று சொன்னால் நம்பியிருக்க மாட்டார்.

போயிட்டு வாங்கண்ணே.

விமானம் இப்போது பாக்கியம் அக்கா வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது. காலையில் போன் செய்து கேட்டேன். வீடு கூட்டியாயிற்றாம், டிவியைத் துடைத்தாயிற்றாம். அதைத் தொடவில்லையாம்.