முத்திரை பார்க்கிற உத்தியோகம்

எழுபதுகளில் துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளின் அரக்கு முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது என் உத்தியோகம். எம்.ஏ. படித்த மேதை நான். கல்யாணமான மறுநாள், விரிப்பில் ரத்தம் இல்லையென்று, ஆசிரியையான என் மனைவியை லேடி டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

என் உத்தியோகத்தை விசாரித்த டாக்டர், அவளைச் சோதிக்க மறுத்துவிட்டார்.

“தம்பி, கன்னிச்சவ்வு உங்க அரக்கு இல்ல. இழுபடுற மெல்லிய மடிப்பு. சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. விளையாட்டுலயும் கிழியலாம். நிறைய பேருக்கு ரத்தமே வராது. அதைப் பார்த்து ஒருத்தி கன்னியான்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது.”

வெளியே வந்து, “சந்தேகம் தீர்ந்துட்டு, வா வீட்டுக்குப் போவோம்” என்று பெருந்தன்மையோடு சொன்னேன்.

“எனக்கு இப்பத்தான் சந்தேகம் வந்திருக்கு” என்று அவள் நாசரேத் பஸ்ஸில் ஏறினாள், தாய்வீட்டுக்கு.

மன்னிப்புக் கேட்டிருந்தால் இறங்கியிருப்பாள். நான் கேட்கவில்லை.