கலயத்தில் மூன்று எலுமிச்சை

அடுத்தவள் அவமானப்பட்ட கதை என்றால் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு வந்துவிடுவீர்களே! உலையில் அரிசி போட்டாயிற்றா? போட்டுவிட்டு வந்து படியுங்கள்.

எண்பதுகளின் கடைசி. நாங்கள் நாமகிரிப்பேட்டையில் இருந்தோம். மகள் சென்னையில் பௌதிக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். என்ன ஆராய்ச்சி என்று கேட்டால், "அணுவுக்குள்ள புரோட்டான்னு ஒண்ணு இருக்குதும்மா. அதுக்குள்ள மூணு பொடிசு சுத்துது" என்பாள்.

"இதப் பாக்க மெட்ராசா? நம்மூர்ச் செக்குல மாடுந்தான் சுத்துது" என்பேன்.

லீவுக்கு வந்தவள் ஒருநாள் கடைக்குப் போயிருந்தாள். நான் மஞ்சள் வேக வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். எங்களுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் பொதுவான மதில்மேல் ஒரு மண் கலயம். எட்டிப் பார்த்தேன். உள்ளே மூன்று எலுமிச்சம்பழம். இரண்டில் குங்குமம், ஒன்றில் மஞ்சள். ஒவ்வொன்றிலும் ஊசி குத்தி, சிவப்பு நூல் கட்டியிருந்தது.

கோழி மேய்ந்த தகராறில் அக்காவோடு பேச்சு வார்த்தை இல்லாத நேரம் அது. புருஷனை இழந்து தனியாக இருந்தவர். "என்ற புள்ள ஊட்டுக்கு வந்த நேரம் பாத்துச் செய்வினை வெச்சுப்போட்டாளே!" என்று கத்தினேன். கலயத்தைத் தெருவில் போட்டு உடைத்தேன். ஊரே கூடிவிட்டது.

அக்கா ஓடி வந்தார். "கண்ணு, நான் அப்படிச் செய்வனா?"

"செய்யலீன்னா மாரியாத்தா முன்னால கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணு!"

அதுவரை அவரை ஒருமையில் பேசியதே இல்லை. அவர் ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு ஈரச் சேலையோடு கோயிலுக்கு நடந்தார். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். கூட்டம் வேடிக்கை பார்த்தது. நானும்தான்.

திரும்பி வந்தால், வாசலில் மகள் நிற்கிறாள். "அம்மா, குங்குமம் காயட்டும்னு மதில்மேல வெச்சனே, என்ற மாடல் எங்க?"

தெருவில் உடைந்து கிடந்த கலயத்தைக் காட்டினேன். பழங்களைப் பொறுக்கிக்கொண்டே அவள் சொன்னாள். "கலயந்தான் புரோட்டான். மூணு பழமும் அந்த மூணு பொடிசும்மா. குங்குமம் ஒரு வகை, மஞ்சள் ஒரு வகை. எது எந்தப் பக்கம் பாத்துச் சுத்துதுன்னு காட்டத்தான் ஊசி. மூணையும் சேத்துப் புடிச்சு வெக்கற விசைதான் நூல். மூணையும் கூட்டுனா புரோட்டானோட மொத்தச் சுத்தும் வந்துருமுன்னு நெனச்சாங்க, வரல. மீதி எங்கிருந்து வருதுன்னுதான் கணக்குப் போடறோம்."

கோயிலிலிருந்து என் பின்னாலேயே வந்த அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே நின்றார். உள்ளங்கை சிவந்து கன்றியிருந்தது. என்னைத் திட்டவில்லை. "தேங்காயெண்ணெ இருந்தா கொஞ்சம் குடு கண்ணு, கை எரியுது" என்றார்.

எண்ணெய் தடவும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றைக்கும் ஒருத்தரைப் பற்றி வாய் திறக்கப் போனால், அந்தக் கைச் சூடு என் விரலில் தெரிகிறது.

அன்று பொழுது சாய்வதற்குள் வீடு வீடாகப் போனேன். எல்லா வாசலிலும் ஒன்றையே சொன்னேன்: "அந்தப் பழம் என்ற புள்ளயோட படிப்புங்க. அக்கா ஒண்ணும் வெக்கலீங்க. செய்வினை வெச்சது நாந்தான், இந்த வாயால."