உரிந்துபோன முகம்: திருத்தணிக்கு ஒரு புதன்கிழமைப் பயணம்

கடந்த மாதம் ஒரு புதன்கிழமை திருத்தணி போய்வந்தேன். சாமி கும்பிடப் போகவில்லை. நான் அச்சிட்டுக் கொடுத்த பீங்கான் கோப்பையில் இறந்தவரின் முகம் உரிகிறது என்று ஒரு வீட்டிலிருந்து போன் வந்தது, அதற்காகப் போனேன். கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் உதவும் என்பதால் நேரம், செலவு எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். செவ்வாயும் கிருத்திகையும் கூட்டம் தாங்காது. பொறுமை இருக்கிறவர்கள் போகலாம், எனக்கு இல்லை.

முதலில் விஷயம். படித்தது பீங்கான் தொழில்நுட்பம். அம்பத்தூரில் சின்னதாக ஓர் அச்சுக்கூடம் நடத்துகிறேன். படத்தைத் தனித் தாளில் அச்சடித்துத் தண்ணீரில் ஊறப்போட்டால், படம் மட்டும் மெல்லிய ஏடாக வழுக்கிக்கொண்டு வரும். அதைக் கோப்பையில் ஒட்டிச் சூடேற்ற வேண்டும். இதில் இரண்டு வழி. பீங்கான் மையில் அச்சிட்டுச் சூளையில் எண்ணூறு டிகிரியில் சுட்டால், மை கோப்பையின் கண்ணாடிப் பூச்சோடு உருகிச் சேர்ந்துவிடும். சாதாரண மையில் அச்சிட்டு, வார்னிஷ் அடித்து, நூற்றைம்பது டிகிரியில் அரை மணி நேரம் வைத்தாலும் அதே பளபளப்பு வரும். ஆனால் அது மேலே ஒட்டிய தோல், அவ்வளவுதான்.

முரளி என்பவரின் முதல் வருஷ நினைவு நாளுக்கு, உறவுக்காரர்களுக்குக் கொடுக்க நாற்பது கோப்பை கேட்டார்கள். நான்கு நாள் அவகாசம். என் சூளை பழுதாகிக் கிடந்தது. இரண்டாவது வழியில் போட்டுக் கொடுத்தேன். கழுவலாமா என்று கேட்டார்கள். தாராளமாக என்றேன்.

நான்கு மாதம் கழித்து முரளியின் அம்மா தனம்மா அழைத்தார். முகம் உரிகிறது என்றார். நான் வேறு வேலையில் இருந்தேன். "யாராவது அழுத்தித் தேய்ச்சிருப்பாங்கம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பத்து நாளில் மறுபடி அழைத்தார். "நீ சொன்னது சரிதான் நைனா. எம் மருமவதான் தேய்ச்சி எடுத்துட்டா. போனவன் போய்ட்டான், மூஞ்சி மட்டும் எதுக்குன்னு நெனச்சிட்டா போல. உங்க அம்மா வூட்டுக்கே போயிடுன்னு சொல்லிட்டேன்."

அந்த வீட்டில் பாத்திரம் தேய்ப்பது ஒரே ஒரு ஆள்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சூளை சரியாகியிருந்தது. இரண்டு கோப்பைகளை முறையாகச் சுட்டு, செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். அம்பத்தூரில் காலை 7.20 மின்சார ரயில், டிக்கெட் இருபது ரூபாய். அரக்கோணத்தில் பாதி வண்டி இறங்கிவிடும். அதுவரை நிற்கத்தான் வேண்டும். நான் போனபோது 9.15க்குத் திருத்தணி. நேரம் மாறும், பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் நூறு கேட்டார். அறுபதுக்கு வந்தார்.

"மலைக்குத்தான சார்? மேலயே வுட்டுடறேன்."

"மலைக்கு இல்லைங்க. அடிவாரத்துல ஒரு வீடு."

"திருத்தணி வந்து முருகனப் பாக்காம போறதா? கோவிச்சிப்பாரு சார்."

"ஏற்கெனவே கோபமா இருக்கறவங்களைப் பார்க்கத்தான் போறேன்."

"அப்போ மாமியார் வூடுதான்" என்று சிரித்தார்.

கதவைத் திறந்தவர் முரளியின் மனைவி கவிதா. இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. கதவோரமாக, வாய் கட்டிய பெரிய துணிப்பை ஒன்று. உள்ளே முரளியின் படம், விளக்கு, அதன் முன்னால் காபியோடு அந்தக் கோப்பை. ஒரு கண்ணும் நெற்றியும் மட்டும் மிச்சமிருந்தன.

எதில் கழுவுகிறீர்கள் என்று கேட்டேன். கவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமியாரைப் பார்த்தார்.

தனம்மாதான் சொன்னார்: "சாமி பாத்திரத்தோடதான். புளியும் செங்கல் தூளும். அவனுக்குப் படைக்கற கப்பு, எச்சி பாத்திரத்தோட போடலாமா? நான்தான் அப்பிடி செய்யச் சொன்னேன்."

குத்துவிளக்கைத் தேய்க்கிற செங்கல் தூள். கோப்பைக்கு மரியாதை செய்வதற்காக, தினமும். எனக்கு ஒரு நொடி நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. 'செங்கல் தூள் போட்டால் எதுவும் நிற்காது' என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பிடித்திருக்கலாம். ஆனால் சரியாகச் சுட்டது நிற்கும். பையில் சான்று இருந்தது.

"அம்மா, தப்பு என்னோடது. சூளையில வைக்காமலே குடுத்துட்டேன். யார் கழுவியிருந்தாலும் போயிருக்கும்."

"இவ அழுவறாளேன்னு சொல்றியா?"

"இவங்களை இன்னிக்குத்தான் பார்க்கறேன். நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

"அன்னிக்கி போன்ல நீதான சொன்ன?"

"பார்க்காம சொன்னேன்."

அவர் நம்பவில்லை. பீரோவில் பெட்டியோடு இன்னொரு கோப்பை இருந்தது, ஒரு தரம்கூடப் புழங்காதது. எனக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்களே இதைத் தேய்ச்சுப் பாருங்கம்மா, தெரிஞ்சிடும்" என்றேன்.

கவிதா அப்போதுதான் பேசினார். "வேணாம் அத்தை. அது ஒண்ணுதான் நல்லாக்கீது. அதுவும் போயிடும்."

தனம்மா மருமகளை ஒரு தரம் பார்த்தார். பிறகு கோப்பையை வாங்கித் திருப்பினார். முகத்தின் பக்கம் போகவில்லை. கீழே இரண்டு வரி: தோற்றம், மறைவு. விரலை நனைத்து, செங்கல் தூளைத் தொட்டு, இரண்டாவது வரியின் மேல் வைத்துத் தேய்த்தார். பத்துப் பன்னிரண்டு தேய்ப்புதான். ஓரம் தூக்கிக்கொண்டது. வரி முழுவதும் ஏடாக உரிந்து அவர் விரலோடு வந்தது.

விரலை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நீ தேய்க்கலடி" என்றார் மருமகளிடம். "பையப் பிரிச்சி துணிய உள்ள வை."

நான் புதுக் கோப்பையை எடுத்துக் கொடுத்தேன். அதையும் தேய்த்தார், இன்னும் அழுத்தி. ஒன்றும் ஆகவில்லை.

"இது போவாதா?"

"போகாதும்மா. உடைஞ்சாக்கூட துண்டுல அப்படியே இருக்கும்." கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

"அவன் போன தேதியும்?"

"ஆமாம், அதுவும்."

கோப்பையை மறுபடி செய்தித்தாளில் சுற்றி என் மடியில் வைத்தார். "அப்போ இது வேணாம் நைனா." பிறகு காபியை அந்த வரி போன கோப்பைக்கு மாற்றிப் படத்தின் முன்னால் வைத்தார்.

வாசல்வரை கவிதா வந்தார். "இத அன்னிக்கே போன்ல சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும்."

"பதினாலு நாளா எம் மேல பழி" என்றார். கதவோரம் இருந்த துணிப்பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த வண்டிக்கு நேரம் இருந்ததால் மலை ஏறினேன். 365 படி. நின்று நின்று ஏறி முப்பத்தைந்து நிமிடம். பதினோரு மணிக்கே கல் சுடுகிறது. காலையிலேயே ஏறிவிடுங்கள், முடியாதவர்களுக்கு மேல்வரை சாலை இருக்கிறது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குடும்பங்கள் வரிசையாக இறங்கி வந்தன. புதன்கிழமை என்பதால் தரிசனம் இருபது நிமிடத்தில் முடிந்தது. என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. பையை மட்டும் யாரும் இடித்துவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

படம் போட்ட கோப்பை வாங்குகிறவர்களுக்கு: சூளையில் சுட்டதா என்று கேளுங்கள். படத்தின் ஓரத்தை நகத்தால் வருடுங்கள், தடுக்கினால் சந்தேகப்படலாம். சுடாததை வாங்கிவிட்டால் மெல்லிய துணியும் சோப்புத் தண்ணீரும் போதும். புளி, தூள், கம்பி நார் எதுவும் கூடாது. விற்கிறவன் "தாராளமா" என்று சொன்னால் நம்பாதீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

தனம்மாவுக்கு இரண்டாவது வரி இல்லாமல் புதிதாக ஒன்று சுட்டு, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கவிதாவிடம் நீட்டினார். "விளக்கோடவே தேய்க்கலாம், ஒண்ணும் ஆவாது" என்றார். உறவுக்காரர்களிடம் இருக்கிற மற்ற முப்பத்தெட்டையும் மாற்றித் தருகிறேன். சுடுவதற்கு முன் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து, அந்தத் தேதி இருக்கட்டுமா என்று கேட்கிறேன். இதுவரை ஒருவரும் உடனே பதில் சொல்லவில்லை. இப்போது நானும் அவசரப்படுத்துவதில்லை.