அப்பா பேரு என்ன?

மாடி வீட்டுக்காரியின் குரல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. தொண்ணூறுகளில், மயிலாப்பூரில், எங்களுக்கு நேர் மேலே குடியிருந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து தெரு அடங்கியதும், மகனை உட்காரவைத்து எல்.கே.ஜி. இன்டர்வியூவுக்குத் தயார் செய்வாள். கீழே வரும்போது மட்டும், "குழந்தையப் போட்டுப் படுத்தக் கூடாதுங்க, நான் ஒண்ணுமே சொல்லித்தர்றதில்ல" என்பாள். நானும் தலையாட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு என் மகளுக்குப் பழங்களின் பெயர்களைச் சொல்லிக்கொடுப்பேன். பிள்ளைகளுக்காகச் சொல்லும் பொய்யை யாரும் பொய்க்கணக்கில் சேர்ப்பதில்லை.

இருவருக்கும் வேண்டியது பக்கத்துத் தெருப் பள்ளியில் ஓர் இடம். அது தவறினால் மகளை அடையாறுக்கு வேனில் அனுப்ப வேண்டும். அத்தனை சின்னக் குழந்தையை வேனில் ஏற்றிவிட எனக்கு மனம் வரவில்லை. அதனால் நிறம், மிருகம், காய்கறி என்று ஒன்றையும் விடவில்லை. இது போதுமா, அதிகமா என்ற குழப்பம் மட்டும் தீரவில்லை.

இன்டர்வியூ அன்று தலைமையாசிரியை கேட்டது சுலபமான கேள்வி. அப்பா பேரு என்ன? என் மகள் கைகட்டி நின்று, பிசிறில்லாத ஆங்கிலத்தில், மாடி வீட்டுக்காரரின் பெயரைச் சொன்னாள்.

தலைமையாசிரியை விண்ணப்பத்தைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அது மேல் வீட்டுக்காரர், மேடம்" என்றேன். சொன்ன பிறகுதான், சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று தோன்றியது.

கணவரைக் காட்டி, "அப்ப இவர் யாரு?" என்று மகளிடம் கேட்டார்.

"அப்பா."

"அம்மா இவர என்னன்னு கூப்பிடுவாங்க?"

"ஏங்க."

பட்டம் வாங்கியவள்தான் நான். ஆனால் மாமியார் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் வீட்டில் கணவர் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. எல்லாம் சொல்லிக்கொடுத்தபோதும் அது மட்டும் நாக்கில் வரவில்லை. மாடி வீட்டுக்காரிக்கு அந்தக் கூச்சம் கிடையாது. அவள் மகனுக்கு உரக்கச் சொன்னதை என் மகள் ஜன்னல் வழியே பாடம் பண்ணிவிட்டாள்.

"நீங்களே சொல்லிக்குடுங்கம்மா, இப்பவே" என்றார் தலைமையாசிரியை.

வேன் கண் முன்னே வந்து நின்றது. சொன்னேன், கணீரென்று. வகுப்பில் வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிட்டதுபோல என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மகள் அதைத் திருப்பிச் சொன்னாள். தலைமையாசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு, எங்களுக்கு இடம் உண்டு என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே கூடத்தைச் சுற்றி வந்தாள். இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று மாமியார் கேட்டார்.

"நான்தான், அத்தை" என்றேன்.