சம்பந்தி தள்ளிய லாரி

மற்ற டிரைவர்கள் புதுத் தெருவுக்குள் நுழைந்ததும் நிழல் எங்கே என்று பார்ப்பார்கள். லாரிக்காரர் இறக்கம் எங்கே என்று பார்ப்பார். அவருடைய சின்ன லாரியில் என்ஜினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார் தேய்ந்துபோய்ப் பல மாதம் ஆகிவிட்டது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அதற்கு மேல் அதனிடம் சரக்கில்லை. அதனால் மூக்கு பள்ளத்தைப் பார்க்கிற மாதிரி நிறுத்துவார். கைப் பிரேக்கும் அதே கதி என்பதால் வண்டியைக் கியரிலேயே போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைத்துவிட்டு இறங்குவார். இறக்கம் கிடைக்காத இடத்தில் தள்ள ஆள் கிடைக்கும். தெருவில் அவருக்கு 'இறக்கத்தார்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

அதையெல்லாம் அவர் பெரிதுபடுத்தவில்லை. தள்ளுகிறவர்களின் உடம்புக்கு நல்லதுதானே என்கிற பெரிய மனதோடு ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருப்பார். ஆனால் மகளைப் பார்க்கப் போன இடத்தில் சமதளத்தில் நிறுத்தித் தொலைத்தார். மகளின் மாமனார் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், அதிர்ந்து பேசாத மனிதர். வெள்ளைச் சட்டையோடு வழியனுப்ப வந்தவர் தள்ளும்படி ஆகிவிட்டது. வண்டி கக்கிய புகை முழுக்க அந்தச் சட்டைக்குப் போயிற்று. லாரிக்காரர் பக்கக் கண்ணாடியில் பார்த்தார். கரி அப்பிய முகத்தோடு சம்பந்தி கையசைத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாளில் மகள் போன் செய்தாள். அவர்கள் வீடு மாறுகிறார்களாம்.

"சாமான் ஏத்த மாமா வேற வண்டி பேசப் போறாராம்ப்பா. எதுக்கு வீண் சிரமம்கிறார்."

"எனக்கென்னம்மா சிரமம்?"

"உங்களுக்கு இல்லப்பா..." என்றாள் மகள். மிச்சத்தை முழுங்கிவிட்டாள்.

வீட்டிலேயே லாரி நிற்க, பெண் கொடுத்த வீட்டுப் பீரோ அடுத்தவன் வண்டியில் போவதா? அன்றைக்கு லாரிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. "சனிக்கிழமை மாமாவ இங்க வரச் சொல்லு. சாவியத் திருப்பிக் காட்டுறேன். எடுத்துச்சுன்னா நம்ம வண்டிதான்" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைத் தேடினார்.

பக்கத்து வீட்டுத் தையல்காரரும் இன்னும் சிலரும் லாரியை வீட்டை ஒட்டிய சமதளத்துக்குத் தள்ளிக்கொடுத்தார்கள். வண்டியின் மூக்கு வீட்டுச் சுவரைப் பார்த்தது.

"இதான் கடைசி. இனிமே யாரும் கை வைக்க வேண்டியிருக்காது" என்றார் லாரிக்காரர், கியரைப் போட்டு இறங்கியபடி.

"போன தடவையும் இதான் கடைசின்னீங்க" என்றார் தையல்காரர்.

வேலையில் குறை சொல்ல முடியாது. மறக்காமல் முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார். மோட்டாரை இறக்கிச் சாப்பாட்டு மேசையில் பழைய போர்வை விரித்துப் பிரித்தார். கார்பன் பிரஷ் இரண்டும் நகத்துண்டு அளவுக்குத் தேய்ந்திருந்தன. புதுசு போட்டார். ஆடிக்கொண்டிருந்த புஷ் வளையத்தை மாற்றினார். கறுத்துக் கிடந்த செம்புப் பகுதியை உப்புத்தாளால் தேய்த்தார்.

"ஏங்க, சாப்பாட்ட எங்க வைக்கிறது?" என்றாள் மனைவி.

"மடியில வை. ஒரு நாள்தானே."

மேசையிலேயே பேட்டரி கொடுத்துப் பார்த்தார். மோட்டார் ஊளையிட்டுத் துள்ளி, தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டது. லாரிக்காரர் சொம்பையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்த சிரிப்பு.

சனிக்கிழமை சம்பந்தி ஸ்கூட்டரில் வந்தார். லாரிக்கும் சுவருக்கும் நடுவில் நல்ல நிழல். ஸ்கூட்டரை அங்கேயே நிறுத்தினார். லாரிக்காரர் தெருவையே கூப்பிட்டிருந்தார். இதுவரை தள்ளியவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், அதாவது தெருவில் அநேகமாக எல்லோரும்.

உள்ளே ஏறி உட்கார்ந்தால் தன் முகம் யாருக்கும் தெரியாதே என்று, கீழே நின்றபடியே ஜன்னல் வழியாகக் கையை விட்டார். தலை மட்டும் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. சாவியைத் திருப்பினார்.

'டிக்' இல்லை. ஒரே இழுப்பு, என்ஜின் பிடித்துக்கொண்டது. தையல்காரர் கைதட்டத் தயாரானார். அதற்குள் லாரி எகிறிப் பாய்ந்தது. பல மாதப் பழக்கத்தில் போட்ட கியர் போட்டபடியே இருந்தது. ஸ்கூட்டரைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டு லாரி அணைந்தது. வீட்டுக்குள் ஏதோ பாத்திரம் உருண்டது. எல்லாம் அடங்கிய பிறகு, ஸ்கூட்டரின் கண்ணாடி தனியாகக் கழன்று விழுந்தது.

"செல்ஃப் பிரமாதம்" என்றார் தையல்காரர்.

லாரிக்காரருக்குக் காது மடல் கொதித்தது. சம்பந்தி தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பார்க்க வேண்டாம் என்றுதான் கழற்றினாரோ என்னவோ.

"நான் ரிவர்ஸ்ல எடுத்துடுறேன்..." என்று முனகினார் லாரிக்காரர்.

"ஒண்ணும் எடுக்க வேணாம்." மனைவி சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள். "தள்ளுங்க."

தையல்காரர் ஏறிக் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி ஸ்டீயரிங்கைப் பிடித்தார். சம்பந்தி பம்பருக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்தார்.

"நீங்க வேணாம் சம்பந்தி. உங்க சட்டை..."

"பழைய சட்டைதான். யோசிச்சுத்தான் போட்டுட்டு வந்தேன்."

நாலு அறை வாங்கியிருந்தால்கூடத் தேவலை. லாரிக்காரர் அந்தப் பக்கம் நுழைந்தார். சொந்த லாரியை அவர் ஒருநாளும் தள்ளியதில்லை. கையை நீட்டி முக்கினார். வண்டி அசையவில்லை.

"கையால தள்ளாதீங்க, மணிக்கட்டு போயிடும். தோளக் குடுங்க" என்று சம்பந்தி கற்றுக்கொடுத்தார். லாரிக்காரர் தோளைக் கொடுத்தார். லாரி அங்குலம் அங்குலமாகப் பின்னால் போயிற்று.

"ஞாயித்துக்கிழமை சாமான் ஏத்த ஆள் பத்தாது" என்றார் சம்பந்தி, மூச்சு வாங்கியபடி. "நீங்க வந்தா ஒத்தாசையா இருக்கும். நீங்க மட்டும் வந்தா போதும்."

லாரிக்காரர் 'சரி' என்று தலையாட்டினார். நெற்றி சூடான தகரத்தில் உராய்ந்தது. தள்ளுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு, முகத்தை யாரும் பார்க்க முடியாது. ஸ்கூட்டர் விடுபட்டுச் சரிந்தது. "போதும், போதும்" என்று தையல்காரர் மேலிருந்து கத்தினார். லாரிக்காரர் மட்டும் தள்ளிக்கொண்டே இருந்தார்.